அடியும் சீரும் அம்புக்குறியும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்ததும் என் தலைப்பு அச்சுப்பிழையா என்று இரண்டு நண்பர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். திணை மயக்கத்துக்கும் புதுக்கவிதைப் படிமத்துக்கும் நடுவே 'நடன வீடியோ விளையாட்டுகளும் வீட்டு விளையாட்டுப் பொறிகளின் சேகரிப்பும்' என்று இருந்தால் யாருக்கும் அந்த ஐயம் வரத்தான் செய்யும். அது பிழையன்று. வட்டத்துக்கு வந்த முதல் ஆண்டிலேயே என் வீட்டு மாடியறையைப் பார்த்துவிட்ட செயலாளர், 'கவிதை பற்றிப் பேச இங்கே அறுபது பேர் இருக்கிறார்கள், நீர் உமக்குத் தெரிந்ததைப் பேசும்' என்று பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் துணிவு வந்தது.

எனக்குத் தெரிந்தது மிகச் சிறிய செய்தி. யாப்பு என்பது கண்ணுக்கும் செவிக்கும் உரியது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அது காலுக்கும் உரியது என்பதை ஜப்பானில், ஒரு விளையாட்டுக்கூடத்தில், நூறு யென் நாணயம் ஒன்றைப் போட்டுக் கற்றுக்கொண்டேன்.

1999இல் பணியின் பொருட்டு ஒசாகா சென்றேன். மாலையில் நிலையத்திலிருந்து அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு விளையாட்டுக்கூடம். அதன் வாயிலை ஒட்டி ஒரு மேடை. அதன்மேல் நான்கு பலகைகள். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு அம்புக்குறிகள் அவற்றில் ஒளிரும். எதிரே திரை. திரையின் உச்சியில் அசையாத நான்கு அம்புகள் நிழல்போல நிற்கும். பாட்டு தொடங்கியதும் அடியிலிருந்து வேறு அம்புகள் எழுந்து வரும். எழுந்து வரும் அம்பு உச்சியில் நிற்கும் தன் நிழலைத் தொடும் கணத்தில், அதே திசைப் பலகையை மிதிக்க வேண்டும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். ஒவ்வொரு மிதிக்கும் உடனுக்குடன் தீர்ப்பு திரையில் தோன்றும். நேர்த்தி என்று அந்தப் பொறி ஒப்புக்கொள்ள வேண்டுமானால் ஒரு நொடியின் நூறில் மூன்று நான்கு பங்குக்குள் கால் இறங்கியிருக்க வேண்டும். இதுதான் கோனாமி நிறுவனம் 1998இல் ஜப்பானிய விளையாட்டுக்கூடங்களுக்குக் கொண்டுவந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. அதற்கு முந்தைய ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட 'பீட்மேனியா'வில் கைகளுக்கு வேலை, இதில் கால்களுக்கு.

நாணயத்தைப் போட்டு ஏறினேன். முதற்பாட்டிலேயே தோற்று இறங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்க்காததுபோல் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டாள். (வெண்பா காசில் முடியலாம், அங்கே ஆட்டமே காசில்தான் தொடங்குகிறது. அன்று இரண்டும் எனக்கு ஒன்றாகவே முடிந்தன.)

அறைக்குத் திரும்பிய பிறகும் கால் அந்தப் பாட்டை விடவில்லை. எங்கே தவறினேன் என்று யோசித்தேன். அம்புகளை ஒவ்வொன்றாக வாசித்தது தவறு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குச் செய்யுள் ஓசை பிடிபடாது அல்லவா? அம்புகள் தனியாக வருவதில்லை. இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஒரு சீராக வருகின்றன; சீர்கள் சேர்ந்து ஓர் அடியாகின்றன. பெரும்பாலும் நான்கு துடிப்புக்கு ஒரு வட்டணை. அதே சீர் இரண்டு முறை வந்து, மூன்றாம் முறை ஈற்றில் மட்டும் மாறும். இதை நான் எங்கோ அறிந்திருக்கிறேன் என்று தோன்றியது. தமிழாசிரியர் பிரம்பால் மேசையைத் தட்டியபடி அலகிடக் கற்பித்த அந்த ஒன்பதாம் வகுப்பு அறையில்தான்.

நம் முன்னோர் இட்ட பெயர்களைப் பாருங்கள். செய்யுள் வரிக்கு அடி என்று பெயர். அடி என்றால் பாதம். அதன் நுண்ணுறுப்புக்கு அசை என்று பெயர். அசைவது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. சீரும் சீரும் பொருந்தாதபோது தளை தட்டுகிறது என்கிறோம். இந்தச் சொற்கள் எல்லாம் எங்கோ ஒரு தரையில் மிதித்துப் பார்த்துப் பிறந்தவையோ என்று அந்த ஒசாகா அறையில் எனக்குத் தோன்றியது. ஆராய்ச்சி முடிவாக இதை உங்கள் முன் வைக்கவில்லை. இங்கே இலக்கணம் கற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த விளையாட்டிலும் தொடக்க காலத்தில் ஒரு பாட்டு எவ்வளவு கடினம் என்பதைக் காட்டச் சின்னச் சின்னப் பாதச் சுவடுகளை வரிசையாக வரைந்திருந்தார்கள். ஒரு பாதம் என்றால் எளிது. ஒன்பது பாதம் என்றால் பேரிடர். பயில்வோர் தமக்குள் 'இது ஏழு பாதப் பாட்டு, அது எட்டு' என்றுதான் பேசிக்கொள்வார்கள். வெண்பாக்களை அடியெண்ணிக்கையால் சுட்டிப் பழகிய எனக்கு அந்தப் பேச்சு அந்நியமாகவே படவில்லை.

பிற்காலப் பதிப்புகளில் ஓர் அமைப்பு உண்டு. துடிப்பின்மேல் நேராக விழும் அம்பு சிவப்பாகவும், துடிப்பைப் பாதியாக்கி நடுவில் விழுவது நீலமாகவும், அதையும் பாதியாக்குவது மஞ்சளாகவும் தெரியும். முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று நம் தாளக் கலைஞர்கள் கையில் போட்டுக் காட்டுவதை நிறத்தில் தீட்டியதுபோல் இருக்கும். எடுப்பு தள்ளித் தொடங்கும் பாட்டில் திரை முழுதும் நீலமாகிவிடும்; பழகாதவன் கால் சிவப்பைத் தேடித் தடுமாறும்.

முதற்பதிப்பிலேயே 'பாரனோயா' என்றொரு பாட்டு உண்டு. நிமிடத்துக்கு 180 துடிப்பு. அதாவது நொடிக்கு மூன்று. அன்று அதை முடித்தவனை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2001இல் 'மேக்ஸ் 300' வந்தது. பெயரிலேயே வேகம் இருக்கிறது: நிமிடத்துக்கு 300 துடிப்பு. அதன் கடினப் பதிப்பில் துடிப்பைப் பாதியாக்கிய அம்புகள் தொடராக வரும். நொடிக்குப் பத்து மிதி. அந்த வெள்ளத்தின் நடுவே பாட்டு திடீரென்று ஓரிடத்தில் நின்றுபோகும். எல்லாரும் வேகத்தைச் சொல்லி வியப்பார்கள். என்னை வீழ்த்தியது எப்போதும் அந்த நிறுத்தம்தான். மௌனத்துக்கும் மாத்திரை உண்டு என்பதைக் கால் எளிதில் நம்புவதில்லை.

1999 ஏப்ரலில் அந்த விளையாட்டின் வீட்டுப் பதிப்பு சோனியின் பிளேஸ்டேஷன் பொறிக்கு வந்தது. கூடவே மேடைக்குப் பதிலாக விரித்து மிதிக்கும் ஒரு பாய். நம் கோரைப்பாயைப் போலச் சுருட்டி வைக்கலாம். இரண்டு நெகிழித் தாள்கள். உட்புறத்தில் மின்கடத்தும் பூச்சு. இடையில் துளையிட்ட பஞ்சு. மிதித்தால் துளையின் வழியே மேல்தாள் கீழ்த்தாளைத் தொடும், மின்சுற்று நிறைவுறும். எடுத்தால் பஞ்சு இரண்டையும் பிரிக்கும். அவ்வளவுதான் நுட்பம்.

நான் குடியிருந்தது பழைய மரக்கட்டடத்தின் மேல்தளம். கீழே ஒரு மூதாட்டியார் தனியாக வாழ்ந்தார். அடுத்தவருக்குத் தொல்லை வேண்டாமென்று செவிப்பொறி மாட்டிக்கொண்டுதான் ஆடினேன். பாட்டின் ஒலி எனக்கு மட்டும். மிதியின் ஒலி அவருக்கு மட்டும் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. பத்து நாள் கழித்து அவர் படியேறி வந்தார். நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டுச் சொன்னதை இன்றும் மறக்க இயலவில்லை. 'நாள்தோறும் ஓரிடத்தில் தடுமாறுகிறீர்கள். அதன் பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் எனக்கு உறக்கம் கெடுகிறது' என்றார்.

பாரனோயாவில் நான் தோற்கும் இடம் அது. பாட்டின் ஒரு சுரத்தைக்கூட அவர் கேட்டதில்லை. சொல் இல்லை, பண் இல்லை. கூரையின் வழியே கேட்ட வெறும் அடிகளைக்கொண்டு அதன் அமைப்பை அறிந்து, தளை தட்டும் இடத்தையும் கண்டுபிடித்திருக்கிறார். பிறகு நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இரவு எட்டு மணிக்குமேல் ஆடுவதில்லை. பாயின் அடியில் மடித்த மெத்தைகள் இரண்டு, அவற்றின்மேல் ஓர் ஒட்டுப்பலகை. ஏறத்தாழ மூன்று வாரம் சென்றிருக்கும். ஒரு காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர், 'நேற்று முடித்துவிட்டீர்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் கவிதைகளுக்கு இதுவரை வந்த மதிப்புரைகளைவிட அது சுருக்கமானது, சரியானதும்கூட.

இனி, உங்கள் முகங்களில் நான் காணும் மறுப்புக்கு வருகிறேன். இது நடனமா? ஆடற்கலை பயின்ற நம் உறுப்பினர் அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் முன் இதை நடனம் என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தப் பொறி காலத்தை மட்டுமே அளக்கும். தோள் எப்படி இருந்தது, கண் எங்கே சென்றது, முகத்தில் என்ன மெய்ப்பாடு என்று அது கேட்பதில்லை. அரைமண்டி வேண்டாம், அபிநயம் வேண்டாம். கோணலாக நின்று மிதித்தாலும் நேரத்தில் மிதித்தால் முழு மதிப்பெண். இதனாலேயே ஆடுவோர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் மேடையின் பின்புறமுள்ள இரும்புக் கம்பியைப் பின்கையால் பற்றிக்கொண்டு, உடலின் பாரத்தை அதன்மேல் போட்டு, கால்களை மட்டும் இயக்கி மதிப்பெண் குவிப்பார்கள். மற்றொரு சாரார் அம்புக்கோவையை மனப்பாடம் செய்துகொண்டு, திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை நோக்கித் திரும்பி, சுழன்றும் மண்டியிட்டும் கையால் பலகையைத் தட்டியும் ஆடுவார்கள். மதிப்பெண் குறையும், அதுபற்றிக் கவலை இல்லை. மரபுக் கவிஞர்க்கும் புதுக்கவிஞர்க்கும் நடந்த பூசலை இந்த வட்டத்தில் பத்தாண்டு கேட்ட எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். என் மனம் இரண்டாம் கட்சி. என் முழங்கால் முதற்கட்சி; கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தக் கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்ட விளையாட்டு ஒன்று இதற்கு முன்பே வந்துவிட்டது. 1996 இறுதியில் பிளேஸ்டேஷனுக்கு வெளியான 'பாரப்பா தி ராப்பர்'. இசைக்கலைஞர் மசாயா மட்சூரா உருவாக்கியது. காகிதத்தில் வெட்டியெடுத்தது போன்ற அதன் உருவங்களை வரைந்தவர் ராட்னி கிரீன்பிளாட். பாரப்பா என்ற நாய்க்குட்டிதான் நாயகன். வெங்காயத் தலையுடைய ஓர் ஆசான் ஓரடி சொல்வார். நாய்க்குட்டி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது மேலே ஓடும். ஆசான் சொன்னதைப் பிழையில்லாமல் அப்படியே சொன்னால் 'நன்று' என்ற நிலையில் தேர்ச்சி. ஆனால் அதற்கும் மேலே ஒரு நிலை உண்டு. ஆசான் சொன்னதை அச்சுப்போலச் சொல்பவனுக்கு அது கிட்டாது. தாளத்தை விடாமல், ஆனால் ஆசான் தராத அழுத்தங்களை இடையிடையே தானே புகுத்திச் சொல்பவனுக்குத்தான் கிட்டும். அந்த நிலை வந்ததும் ஆசான் மேடையை விட்டே இறங்கிவிடுவார். திரையில் வழிகாட்டும் குறிகள் இரா. நாய்க்குட்டி தனியாகப் பாடலாம்.

ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் நம் மரபை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த அடிக்குள் நின்றே கொடாததைப் பாட வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்ற ஒரு தட்டில் இந்தப் பாடம் இருந்ததை நான் நெடுநாள் அறியாமல், நன்று நன்று என்று தேறிக்கொண்டே இருந்தேன். என் மருமகன், எட்டு வயதுப் பிள்ளை, பொத்தான்களைத் தன்போக்கில் தட்டி, ஆசானை ஐந்து நிமிடத்தில் மேடையை விட்டு இறக்கினான்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஓசையே இல்லை என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ரால்ஃப் பேயர் வகுத்த வழியில் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972இல் விற்ற 'ஒடிசி'தான் முதல் வீட்டு விளையாட்டுப் பொறி. அது ஊமை. திரையில் வெண்புள்ளிகள் நகரும். பின்னணிக் காட்சி வேண்டுமானால் வண்ணம் தீட்டிய மெல்லிய நெகிழித் தாளைத் தொலைக்காட்சிக் கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பகடையும் சீட்டும் பெட்டிக்குள்ளேயே வரும். நின்டெண்டோவின் சிவப்பு வெள்ளை ஃபேமிகாம் 1983இல் வந்தது. அதற்காகப் பாண்டாய் நிறுவனம் 1986இல் மிதிபாய் ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டு அந்தப் பாயில் உடற்பயிற்சி நடனமும் வந்துவிட்டது. ஆக, டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனுக்குப் பத்தாண்டு முன்பே கால் அந்தப் பொறிக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் அன்றைய பாய் ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் ஆனது. கால் தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் பிந்தி வந்தது.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1999இல் கொரியாவின் 'பம்ப் இட் அப்'. அதில் நான்கு மூலைகளும் நடுவில் ஒன்றுமாக ஐந்து பலகை. அதே ஆண்டு இறுதியில் சேகாவின் டிரீம்காஸ்ட் பொறிக்கு 'ஸ்பேஸ் சேனல் 5'. 2009இல் வீ பொறிக்கு 'ஜஸ்ட் டான்ஸ்'. கையில் பிடித்த கட்டுப்பாட்டுக் கருவியின் அசைவை மட்டும் அது அளக்கும், நாற்காலியில் அமர்ந்து கையை வீசியே வென்றவர்களை அறிவேன். 2010இல் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் ஒளிக்கண்ணும் 'டான்ஸ் சென்ட்ரல்' விளையாட்டும் முழு உடலையும் பார்த்தன. 2006இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனை உடற்கல்விக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. பிள்ளைகளின் உடல்நலத்துக்கு நல்லதுதான். ஆனால் அன்று முதல் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் எத்தனை கலோரி என்றே பேசத் தொடங்கினார்கள். பாயசத்தை மருந்துக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்ததுபோல் எனக்கு ஒரு மனக்குறை.

நான் சேகரிப்பாளனானதும் தற்செயல்தான். ஜப்பானில் ஹார்ட் ஆஃப் என்ற பழம்பொருள் கடைகளில் 'ஜங்க்' என்றெழுதிய நீலக் கூடைகள் இருக்கும். இயங்கும் என்ற உறுதி கிடையாது, திருப்பித் தரவும் முடியாது, விலை மலிவு. ஒசாகாவின் நிப்பொன்பாஷியிலும், தோக்கியோ சென்றபோதெல்லாம் அகிஹபாராவிலும் அந்தக் கூடைகளில் கைவிட்டுத் துழாவுவது என் விடுமுறை வழக்கமாயிற்று. ஊர் திரும்பியபோது 11 பொறிகள். இன்று 23. அவற்றில் ஒன்றை என் அறியாமையாலேயே கொன்றேன். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. பயணக் களைப்பில் அதை மறந்து சேகா சாட்டர்னை நேரே சுவரில் செருகினேன். ஒரு சிறு ஓசை, பிறகு புகை. அதன் பிறகுதான் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அந்தப் பொறி இன்றும் அலமாரியில் இருக்கிறது, 23இல் அதைச் சேர்க்கவில்லை.

நூல் சேகரிப்போர் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் பகை செல்லும் ஈரமும். எங்கள் பகைகள் பலவகை. பொறிகளுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து பலகையை அரிக்கும். சூப்பர் நின்டெண்டோ போன்றவற்றின் சாம்பல்நிற ஓடு பழுப்பேறும். தீப்பிடிக்காமலிருக்கக் கலந்த புரோமின் சேர்மத்தையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைக்கலாம். நான் செய்வதில்லை, நரைக்குச் சாயம் பூசாதவன், பொறிக்கு மட்டும் பூசுவானேன்? பிளேஸ்டேஷனின் தொடக்கப் படைப்புகளில் லேசர்க் கண் நகரும் தண்டவாளம் நெகிழியால் ஆனது. அது தேய்ந்தால் கண் சாயும், தட்டைப் படிக்காது. அப்போது பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் இன்னும் சில காலம் ஓடும். உலகெங்கும் அதைக் கவிழ்த்து வைத்து விளையாடியவர்கள் உண்டு. என் பொறி மூன்றாண்டாகச் சிரசாசனத்தில்தான் இருக்கிறது.

இவற்றைவிட நுட்பமான பகை தொலைக்காட்சி. இன்றைய தட்டைத் திரைகள் வந்த படத்தை உடனே காட்டுவதில்லை. உள்ளே வாங்கித் திருத்திச் செப்பனிட்டுப் பிறகே காட்டுகின்றன. அதற்காகும் காலம் நொடியின் நூறில் சில பங்குதான். கதை சொல்லும் விளையாட்டில் அது தெரியாது. நொடியின் நூறில் மூன்று நான்கு பங்குக்குள் மிதிக்க வேண்டிய விளையாட்டில் அது முழுத் தோல்வி. செவி ஒரு தாளம் சொல்லும், கண் ஒரு தாளம் சொல்லும். பழைய தட்டுகள் படக்குழாய்த் திரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே பொறியைக் காத்தால் போதாது. தூக்கி எறியப்பட்ட அந்தக் கனத்த தொலைக்காட்சியையும் காக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் 300 ரூபாய்க்கு அதை வாங்கி இருவர் துணையோடு மாடியேற்றியபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைத்தான் நான் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எதற்காக இத்தனை பாடு என்று கேட்கலாம். 2023இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. அவற்றை நூலகங்கள் தொலைவிலிருக்கும் ஆய்வாளர்க்குத் திறந்துவிடச் சட்ட விலக்கு கேட்டார்கள். 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இசை விளையாட்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பாட்டுக்கு உரிமை ஒருவருடையது, விளையாட்டுக்கு உரிமை மற்றொருவருடையது. பாட்டின் உரிமக் காலம் முடிந்தால் விளையாட்டும் விற்பனையிலிருந்து மறையும். தட்டில் வாராமல் இணையவழி மட்டும் விற்ற பாட்டுகளுக்குக் கடை மூடினால் கதி இல்லை. வீ பொறியின் கடை 2019 ஜனவரியில் மூடிற்று. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில். கினெக்ட் ஒளிக்கண்ணின் உற்பத்தி 2017இல் நின்றது. அந்தக் கண் இல்லாமல் டான்ஸ் சென்ட்ரலின் தட்டு இருந்து என்ன பயன்?

பழைய பொறியைக் கணினிக்குள் நடிக்க வைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை நான் இகழ மாட்டேன். 2001இல் தோன்றிய 'ஸ்டெப்மேனியா' என்ற இலவச மென்பொருளில் எவரும் தாம் விரும்பிய பாட்டுக்குத் தாமே அம்புக்கோவை எழுதலாம். கூலி வாங்காமல், பலரும் புனைபெயரில், ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். சிலர் எழுதியதை மிதித்துப் பார்த்தால் இவர் இன்னார் என்று காலுக்குத் தெரியும். இடக்காலை எப்போது காத்திருக்க வைப்பார், எங்கே உடலைத் திருப்புவார் என்பதில் தனிநடை உண்டு. உரைநடைக்கு உண்டென்றால் இதற்கும் உண்டு. ஆனால் கோப்பைக் காப்பது எழுத்தைக் காப்பது மட்டுமே. வில்லுப்பாட்டை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு வில்லை அடுப்பெரித்தவன் கதையாகிவிடக்கூடாது. பாய் வேண்டும், பாயின் வழுக்கல் வேண்டும், கீழ்வீட்டு மூதாட்டியாரும் வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஓர் இக்கட்டு. ஆடினால் தேயும், ஆடாவிட்டால் அது வெறும் நெகிழி. 2021 ஜூலையில் உறை பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. திறந்த நாளில் அதன் மதிப்புப் போய்விடும். ஆகவே அதை எவரும் இனி விளையாட மாட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மாடியேறிப் போய், என் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். 2001இல் நிப்பொன்பாஷியில் வாங்கிய ஆட்டப் பாய். உறை பிரிக்காதது. பிரித்துப் பயன்படுத்திய பாய்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. முதலில் வலம், பிறகு கீழ். ஐந்தாவதை மட்டும் பிரிக்கவில்லை. விலைக்காக அன்று. அதுவும் கெட்டுவிட்டால் வேறு இல்லையே என்ற அச்சத்துக்காக. இருபது ஆண்டுக்குமேல் அந்த அச்சத்தைத் தூசு தட்டி வைத்திருந்தேன்.

பஞ்சு காத்திருப்பதில்லை என்பதை அண்மையில் ஒரு நண்பர் வழி அறிந்தேன். அவரும் உறை பிரிக்காத பாய் ஒன்றை வைத்திருந்தார். ஆசையோடு பிரித்தபோது உள்ளே பஞ்சு பொடிந்து, தாளும் தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருமுறைகூட மிதிபடாமலே அது இறந்துபோயிருந்தது.

முந்தாநாள் இரவு என் பெட்டியைப் பிரித்தேன். புது நெகிழியின் நெடி இன்னும் இருந்தது. நான்கு திசையும் வேலை செய்கின்றன. கீழ் அம்பு மட்டும் சற்று அழுத்தி மிதித்தால்தான் கேட்கிறது.

செயலாளரின் இசைவோடு அடுத்த அறையில் அந்தத் தொலைக்காட்சியையும், தலைகீழாக நிற்கும் பிளேஸ்டேஷனையும், பாயையும் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஒரு பாதப் பாட்டிலிருந்து தொடங்கலாம். கவியரங்கம் ஆறு மணிக்கு. அதுவரை நேரம் இருக்கிறது. மிதியடியைக் கழற்றிவிட்டு வாருங்கள், காலுறையோடு ஏறினால் வழுக்கும்.